துருப்பிடித்த ஊசியில் புதுச் சீட்டு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் நின்றுவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மிருகக்காட்சிசாலையில் குரங்குக் கூண்டைக் குனிந்து கழுவும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். செய்கிறாயா?

ஒரு புது விஷயம். அருங்காட்சியகத்தில் இனி நான் கூடம் பெருக்க வேண்டாம். பின்பக்கத்துப் பூச்சி அறையில் போட்டிருக்கிறார்கள். வாளி உடைந்துவிட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்திருந்தேன். அந்த அறையைக் கவனிக்கும் பூச்சி சார் அதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். காவலாளி காட்டிக்கொடுத்துவிட்டார்.

"எதுவரைக்கும் படிச்சே?"

"எட்டு."

"அப்புறம்?"

"அம்மாவைப் பாத்துக்கிட்டேன்."

மறுநாளே ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, மெல்லிய முனைப் பேனா எல்லாம் கொடுத்துவிட்டார். அறை முழுக்கக் கண்ணாடி மூடிய தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஊசியில் குத்திய பூச்சிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கண்ணாடியில் மூச்சுப் படாமல் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நானாகவே சாரிடம் பேசினேன். நீ நம்ப மாட்டாய். நீ வளர்க்கிற சீமாட்டிக் குரங்கும் இங்கே இருக்கிற அந்துப்பூச்சியும் சொந்தமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டார். இரண்டும் விலங்கு உலகம். அதுவரை சேர்ந்து வருகிறார்கள். அடுத்த படியிலேயே பிரிந்துவிடுகிறார்கள். சீமாட்டிக்கு முதுகெலும்பு, அந்துப்பூச்சிக்குக் கணுக் கணுவான கால். பிறகு அவள் பாலூட்டி, இது பூச்சி. அவள் நம்மைப் போலவே முதனி வரிசை, குரங்கும் மனிதரும் சேர்ந்த கூட்டம். இது செதிற்சிறகி, ஏனென்றால் சிறகிலிருந்து கையில் ஒட்டுகிற தூள் அத்தனையும் செதில்.

"சொந்தம்தான்மா. ஆனா வழியில பாத்தா விசாரிக்கிற அளவுக்கு இல்ல" என்றார்.

நான் குடியிருக்கும் வீட்டின் கீழே தையல் கடையில் இயந்திரச் சத்தம் ஆறு மணிக்கு நின்றுவிடும். அதற்கப்புறம் மாடி அறையில் நான் மட்டும்தான். உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொள்வேன். ஏப்ரலில் வருவதாகச் சொன்னாயே, அது உறுதிதானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி


ஜனவரி 30

என் வாயில்லாப்பூச்சிக்கு,

நான் நலம். முதுகு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

வாயில்லாப்பூச்சிக்குப் பூச்சி அறையிலேயே வேலை! தாடியிடம் சொன்னேன். தாடி யார் என்றுதானே? என்னோடு கூண்டு பார்க்கிற மூத்தவர். அவர் தாடியைப் பிடித்துத்தான் சீமாட்டி ஊஞ்சல் ஆடுவாள். மனிதர் அசைய மாட்டார், கண்ணில் தண்ணீர் வந்தாலும். அவர் சொன்னார்: "உன் தங்கச்சிக்கு எழுதிப்போடு. நம்ம ஆளு நேத்து அவ ஆளைத் தின்னுட்டா."

நிஜம்தான். விளக்கடியில் வந்த ஒரு விட்டிலை ஒரே தாவலில் பிடித்தாள். சிறகைப் பிய்த்து எறிந்துவிட்டு நடுவை மட்டும் தின்றாள். பிறகு இரண்டு கையையும் கம்பியில் துடைத்துக்கொண்டாள். சும்மாவா சீமாட்டி என்று பெயர் வைத்தேன்! அணிலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, ஆனால் ஒரு அரண்மனைக்கான அதிகாரம்.

கூண்டுப் பலகையில் 'மிக அருகிய இனம்' என்று எழுதியிருக்கிறது. காட்டில் எண்ணிப் பார்த்ததில் ஆயிரத்து நானூறாம். இங்கே பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு கோப்பு. காலையில் எடை, மாலையில் எடை. எனக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் கோப்பு போடுவதில்லை. இப்போது சீமாட்டி வயிற்றில் இரண்டு குட்டி. பக்கத்துக் கூண்டுக்காரிக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. நடுவே இரும்புக் கதவு இல்லாவிட்டால் கதை கந்தல்.

ஏப்ரலில் கண்டிப்பாக வருகிறேன். உன் பூச்சிக்கு என்ன பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். நீயும், தாடி அண்ணனும், சீமாட்டியும் சுகமா? வயிற்றில் இருக்கும் இரண்டு பேரையும் விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்ட பலகையைப் பற்றிச் சாரிடம் கேட்டேன். அவர் ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவில் சாம்பல் நிறத்தில் ஒன்றே ஒன்று. இந்த இனத்தில் உலகத்திலேயே பிடிபட்டது இது ஒன்றுதானாம். அறுபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைச்சரிவில். இதற்குப் பலகையில் 'தகவல் போதவில்லை' என்று எழுதுவார்களாம்.

"அப்படின்னா ஆபத்து இல்லையா சார்?"

"ஆபத்து இருக்கா இல்லையான்னே தெரியாதுன்னு அர்த்தம். யாரும் போய்ப் பாக்கலம்மா."

உன் சீமாட்டி நாற்பது கிராம் குறைந்தால் நாலு பேர் ஓடி வருகிறார்கள். இது ஒரேயடியாக இல்லாமல் போயிருந்தாலும் கேட்க நாதி இல்லை. சில அந்துப்பூச்சிகளுக்கு நிஜமாகவே வாய் கிடையாதாம் அக்கா. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே நாலைந்து நாளை ஓட்டிவிடுமாம். நீ சிரிப்பது கேட்கிறது.

மழையில் சுவர் ஒழுகி ஒரு தட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்தப் பூச்சி இருக்கிற தட்டுதான். ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே ஒரு சிறு சீட்டு குத்தியிருக்கும். எங்கே, எந்த நாளில், யார் பிடித்தது என்று அதில் இருக்கும். சீட்டு போனால் பூச்சி வெறும் குப்பை என்கிறார் சார். சீட்டைக் கழற்றிப் பூஞ்சையைத் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். "ஒரு நேரத்துல ஒண்ணுதான். அதை மாட்டிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும்" என்று மூன்று தடவை சொன்னார். கண்ணில் அறுவை செய்துகொள்ளப் போகிறார். இரண்டு வாரம் நான் தனியாகத்தான். அருகிவரும் உயிர்களுக்குப் பட்டியல் போடுகிற மேடம் ஒருவர் அப்போது வருவாராம். அவரிடம் என்ன பேசுவேன்?

தங்கச்சி


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சாம்பல் பூச்சிக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பூச்சி இருக்கிறது. சாதாரண இனம், எங்கும் பறப்பது. அதையும் அதே மலைச்சரிவில்தான் பிடித்திருக்கிறார்கள், நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாணவர். துடைக்கிறபோது இரண்டின் சீட்டையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால், மேஜையில் உன் ஜனவரிக் கடிதத்தை விரித்து வைத்திருந்தேன். சீமாட்டி கை துடைத்ததை இன்னொரு முறை படித்துத் தனியாகச் சிரித்தேன். பிறகு மாட்டினேன்.

மேடம் வந்தார். குட்டை முடி, பெரிய பை. குனிந்து சீட்டைப் படித்தவர் கத்தியே விட்டார்.

"நாலு வருஷம்! நாலு வருஷத்துக்கு முன்னாடிதானா! அறுபது வருஷமாச்சுன்னு எவன் சொன்னான்? இது உயிரோட இருக்கும்மா, உயிரோட இருக்கு!"

என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். மேலிருந்து நாலைந்து படம் எடுத்தார். யார் யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் போன பிறகுதான் ஊசியைப் பார்த்தேன். பூச்சியின் ஊசி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. அதில் பளிச்சென்று வெள்ளைச் சீட்டு. பக்கத்துப் பூச்சியில் பளபளக்கும் புது ஊசி, அதில் மஞ்சள் பாரித்த பழைய சீட்டு. மாற்றி மாட்டியிருக்கிறேன்.

உடனே சரிசெய்திருக்கலாம். ஆனால் மேடம் படம் எடுத்துவிட்டார். அந்தச் சரிவுக்கு ஆட்களோடு தேடப் போகிறாராம். சொன்னால் போக மாட்டார். சொல்லாவிட்டால் அறுபத்தொரு வருஷம் கழித்து முதல் தடவையாக யாராவது போய்ப் பார்ப்பார்கள். சொன்னால் எனக்கு இந்த அறையும் இருக்காது.

என்ன செய்யட்டும்?

தங்கச்சி


மார்ச் 27

தங்கச்சிக்கு,

நலம். வேலை அதிகம், அதுதான் எழுதவில்லை.

நீ வாயைத் திறக்காதே. யாருக்கு நஷ்டம்? உன் பூச்சியைத் தேட நாலு பேர் போவார்கள், நல்லதுதானே! நடந்தது நடந்துவிட்டது. எல்லாத் தப்பையும் போய் ஒப்புவித்தால் உலகத்தில் ஒருத்தரும் வேலையில் இருக்க முடியாது.

ஏப்ரலில் விடுப்பு கிடைக்கவில்லை. பிறகு பார்க்கலாம். சீமாட்டி நலம்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி சும்மா இருக்கிறேன். சாருக்கு ஒரு கண்ணில் இன்னும் கட்டு. தட்டைத் தூக்கிக் காட்டினால், "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்கிறார். அதைக் கேட்டால் சோறு இறங்குவதில்லை.

மேடம் வாரம் ஒருமுறை வருகிறார். பயணம் ஜூனில். நேற்றுப் பையிலிருந்து ஒரு ஜோடி காலணியை எடுத்து என் முன்னால் வைத்தார். மலை ஏறுகிற காலணி, அவருடைய பழையது.

"போட்டுப் பாரு. உனக்குச் சரியா இருந்தா நீயும் வர்றே."

"நானா?"

"பின்ன? கண்டுபிடிச்சவ நீதானே. சீட்டு எழுத ஆள் வேணும். பேச வேண்டாம், பயப்படாதே."

சரியாக இருந்தது அக்கா. இதுவரை என்னை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை. அறைக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்திருக்கிறேன். இருட்டுகிற வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தாடி அண்ணன் எப்படி இருக்கிறார்? போன கடிதத்தில் அவர் சொன்ன வேடிக்கை ஒன்றும் இல்லையே. சீமாட்டிக்கு எத்தனையாவது மாதம்? முதுகு எப்படி?

தங்கச்சி


ஏப்ரல் 30

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். சீமாட்டி குட்டி போட்டுவிட்டாள். இரண்டும் நலம். பயணத்துக்குத் தாராளமாகப் போய் வா.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை மேடம் என் மேஜையிலேயே உட்கார்ந்து கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கோப்பின் மேல் சீமாட்டியின் இனத்துப் படம் ஒட்டியிருந்தது. என் அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள் என்று சொன்னேன்.

"அடடா, அங்கேயா? பாவம், பிப்ரவரியில ஒரு பெண் குரங்கு போயிடுச்சே. வயித்துல குட்டியோட. நடுக்கதவைச் சாத்தாம விட்டிருக்காங்க. பக்கத்துக் கூண்டுக் குரங்கு வந்து கடிச்சுக் குதறிடுச்சு. வயசான ஒருத்தர், தாடி வச்சவரு, அவரை வேலையைவிட்டு எடுத்துட்டாங்க." சொல்லிக்கொண்டே பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார்.

கோப்பைப் பார்த்தேன். இறந்த நாள் பக்கத்திலேயே இருந்தது. பிப்ரவரி 21. உன் கடிதங்களில் சீமாட்டி கை துடைப்பதும் அதட்டுவதும் அதற்கப்புறம்தான் நின்றுபோய், வெறும் 'நலம்' மட்டும் வர ஆரம்பித்தது.

புதன்கிழமை மேடமிடம் சொல்லிவிட்டேன். உன்மேல் கோபப்பட்டுச் செய்தேன் என்று நினைக்காதே. 'நலம்' என்ற சொல்லை நீ இரண்டு கடிதத்தில் எழுதுவதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று யோசித்தேன். எனக்கும் அப்படி ஒரு சீட்டு ஊசியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை.

தட்டைத் திறந்து ஊசியைக் காட்டினேன். பிறகு பக்கத்து ஊசியை. மேடம் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நீங்க வந்த அன்னிக்கே."

"ரெண்டு மாசம்! ஏன்மா?"

"தேடுவீங்கன்னு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அறுபத்தொரு வருஷத்துப் பூச்சியைத் தேட எனக்கு யாரும் ஆள் தர மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு சீட்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டுத் தட்டை மூடப் போனேன். அதற்குள் வந்திருந்த சார் கையைத் தட்டிவிட்டார். இங்கே எதையும் மறைக்கக் கூடாதாம். சரியான சீட்டை மாட்டிவிட்டு, அதற்கும் கீழே இன்னொரு சீட்டு குத்த வேண்டும். இந்த நாள் முதல் இந்த நாள் வரை இதில் தப்பான சீட்டு இருந்தது, மாற்றியவர் இன்னார், திருத்தியவர் இன்னார் என்று. இரண்டு இடத்திலும் என் பெயரை எழுதினேன். எழுத்து மட்டும் நன்றாக வந்தது.

பயணம் ரத்தாகிவிட்டது. காலணியைத் திருப்பிக் கொடுத்தேன். நான் தட்டுகளைத் தொடக் கூடாது என்று இயக்குநர் எழுதி அனுப்பிவிட்டார். மறுபடியும் கூடத்தைப் பெருக்குகிறேன். சார் அந்தப் பக்கம் வந்தால் ஒரு நிமிஷம் நிற்கிறார், பிறகு போய்விடுகிறார்.

அக்கா, சீமாட்டி எப்படி இருக்கிறாள் என்று இனி கேட்க மாட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

தங்கச்சி


ஜூன் 10

என் தங்கச்சிக்கு,

நான் நன்றாக இல்லை.

நடுக்கதவில் இரண்டு தாழ்ப்பாள். மேலே ஒன்று, தரையோடு ஒன்று. அன்றைக்கு முதுகு வலி உயிர் போயிற்று. மேலே போட்டுவிட்டுக் கீழே அப்புறம் போடலாம் என்று குனியாமல் வந்துவிட்டேன். அவ்வளவுதான். கதவின் அடியை அந்தக் கூண்டுக்காரி தள்ளியிருக்கிறாள். மாலை முறைக்கு வந்தவர் தாடி. அவர்தான் பார்த்தார், அவர்தான் சீமாட்டியைத் துணியில் எடுத்து வந்தார். தாழ்ப்பாளைப் பார்க்காமல் முறையை ஏற்றுக்கொண்டது அவர் தப்பு என்று முடித்துவிட்டார்கள். விசாரணை நடந்த அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவரிடம், "கதவைக் கடைசியா பாத்தது நீங்கதானே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டார்.

குட்டி போட்டாள் என்று உனக்கு எழுதினேனே, அதை எழுதியபோது ஒரு நிமிஷம் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

உன்னை வாயைத் திறக்காதே என்று சொன்னது உனக்காக இல்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று தடவை அலுவலகம் வரை போய்விட்டேன். கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். போன வாரம் தாடி வீட்டுத் தெருவுக்கும் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடியை மழித்திருக்கிறார். அடையாளமே தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நடந்து போய்விட்டேன்.

ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசுகிற நான் இப்படி ஆகிவிட்டேன். கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. உன் எழுத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

இன்று காலை விடுப்புக் கேட்கப் போனேன். வழக்கம்போல் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எழுத்தர் தலை நிமிராமல், "வாயால சொல்லு, கண்ணாடி கொண்டுவரல" என்றார்.

"லீவு வேணும்."

"எதுக்கு?"

"அக்காவைப் பாக்க."

"எத்தனை நாள்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். "வேலை முடியிற வரைக்கும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் என்று அவராகவே போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பேருந்து. மூன்று இடத்தில் மாற வேண்டும் என்று காவலாளி அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா போனதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ நிலையத்துக்கு வர வேண்டாம், முதுகு வலிக்கும். விசாரித்துக்கொண்டே வந்துவிடுவேன். யாரையாவது வழி கேட்க வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கேள்வியை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை உன் அலுவலகம் ஒன்பது மணிக்குத்தானே திறக்கும்? எட்டரைக்குப் போய்விடுவோம். உள்ளே எனக்கு ஒன்றும் பேசத் தெரியாது. உனக்காக யாரிடமும் மன்றாட மாட்டேன். கதவை மட்டும் நான் தள்ளித் திறக்கிறேன். நீ முதலில் போ.

சொல்லி முடித்த பிறகு தாடி அண்ணன் தெருவுக்கும் போக வேண்டும். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நாற்காலிக்கு எதிரில் நிற்போம்.

தங்கச்சி